லட்டு எழுத்தில் அஞ்சலி

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பெரம்பலூரில் அச்சகம் நடத்திய ராஜமாணிக்கம் இறந்த செய்தி அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் எனக்கு வந்தது. சொன்னவர், "நல்ல மனுசனுங்க. லட்டு எழுத்தக் கண்டுபிடிச்சவரு" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்த எழுத்தை வரைந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில், எம்.ஏ. முடித்துவிட்டு அவரிடம் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரும்பலூரிலிருந்து ஒருவர் காதுகுத்து நோட்டீஸ் அடிக்க வந்தார். பார்த்ததும் பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்றார். 'க'வுக்குத் தொப்பை வைத்தேன். 'ழ'வின் வாலைக் குழந்தையின் கால் கட்டைவிரல்போல உருட்டினேன். எங்கும் ஒரு கூர்முனை கிடையாது. தச்சர் அதை மரத்தில் செதுக்கினார். பிறகு சர்க்கஸ்காரர், ஐஸ் கம்பெனி, மிட்டாய்க்கடை எல்லோரும் அதையே கேட்டார்கள். ஊர்தான் லட்டு எழுத்து என்று பெயர் வைத்தது. யார் போட்டது என்று கேட்டால் ராஜமாணிக்கம், "நம்ம கை வேலதான்" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அதைக்கூட விட்டிருப்பேன். என் அப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை அவர்தான் அடித்தார். தலைப்புக்கு எல்லாச் சாவுக்கும் போடும் பழைய அச்சுக்கட்டைதான்; அதன் கீழே, காலையில் கடைத்தெரு முழுக்க அப்பாவின் பெயர் லட்டு எழுத்தில் குலுங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா என்னிடம் வந்து, "ஏன்டா, உங்கப்பனுக்குக் காதுகுத்தா?" என்றார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

காரியம் முடிந்ததும் போய்க் கேட்டேன். வழக்கமான எழுத்து வேறு வேலையில் மாட்டியிருந்ததாம். "பெருசா, லெச்சணமாத்தான இருந்துச்சு? ஊரே நின்னு பாத்துச்சுல்ல. செத்தவரு வந்து கேட்டாரா, எம்மே சார்?" என்றார். கம்பாசிட்டர்கள் சிரித்தார்கள். அன்றே வெளியேறினேன்.

கல்நெஞ்சர் என்று சொல்லமாட்டேன். மைக்கறை வேட்டியோடு எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். அப்பாவின் பாடைக்கும் தோள் கொடுத்தார். எரிச்சலே அதில்தான்.

நேற்று அவர் மகன் வந்தான். நினைவு மலருக்கு நாலு வரி வேண்டுமாம். "அப்பா ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாருங்க" என்றான்.

"என்னன்னு?"

"புரூஃப் நல்லா பாப்பாருன்னுங்க."

அதனால்தான் இதை எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அது கொஞ்சமும் கெட்டுப்போகவில்லை. தலைப்புக்கு 'அஞ்சலி' என்று லட்டு எழுத்தில் வரைந்து சேர்த்திருக்கிறேன். அவரிடம் இருந்த மரக்கட்டைகளில் 'ஞ' கிடையாது, அப்போது தேவைப்படவில்லை. இன்று காலைதான் அதை முதன்முதலாக வரைந்தேன், நல்ல தொப்பையோடு. அவர் செத்த பிறகு பிறந்த எழுத்து அது. கீழே என் பெயரைப் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கப்போகிறேன். யார் கை என்று அவர்களே தேடிக்கொள்ளட்டும்.