ரத்தினம்மாள் சொல்ல மறுத்த பொய்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய முனியம்மாள் வாசலில் நின்று, "சார், நம்ம ரத்தினம்மா பூட்டாங்க" என்றார். மகனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் அவனோடு அங்கே குடிபோன ரத்தினம்மாள், நான்கு நாள் காய்ச்சலில் காலமானார்.

ஊத்துக்கோட்டைச் சபையில், ரத்தினம்மாள் என்று நாம் அழைத்த ஞானரத்தினம் அம்மாளைத் தெரியாதவர் இல்லை. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டுவது அவருடைய ஊழியம். குரல் கரகரவென்றிருக்கும். கேட்பவர் கண் அயர்ந்தால் நிறுத்திவிட்டு, "எங்க உட்டேன், சொல்லு" என்பார். அவருடைய நல்ல குணங்களை, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒரு மழை நாளைப் பற்றி. அன்று அவருக்கு எதிரே நின்றவர்களில் நானும் ஒருவன்.

அறுபதுகளின் நடுவில் நான் சபைச் செயலாளர்; ஞானஸ்நானம் கேட்டு வருபவர்களைச் சோதித்து அனுமதிப்பது என் பொறுப்பு. முனியம்மாளின் கணவர் கன்னியப்பன், கூலிக்கு வயல் வேலை செய்பவர், இரண்டு வருடம் ரத்தினம்மாளிடம் வேதம் கேட்டுவிட்டு ஞானஸ்நானம் வேண்டுமென்று வந்தார். விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. ஐந்தாம் கட்டளையில் அவருக்கு நாக்கு நின்றுவிடும். "மனசுல இருக்குது சார், வாயில நிக்க மாட்டேங்குது" என்றார். இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். கடைசியில் ரத்தினம்மாள் வாதாடி, கிறிஸ்துமஸுக்கு நாள் வாங்கினார்.

ஐப்பசி மழையில் ஆரணி ஆறு தரைப்பாலத்தை மூழ்கடித்தது. அன்று காலை வரப்பு வெட்டிக்கொண்டிருந்த கன்னியப்பனைப் பாம்பு தீண்டியது. திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியோ பரிசலோ கிடைக்குமா என்று ரத்தினம்மாள் ஆற்றங்கரைக்கு ஓடினார். எதுவும் கிடைக்கவில்லை. அவர் திரும்பும்போது உயிர் போயிருந்தது. "அம்மா வந்தா ஞானஸ்நானத் தண்ணி ஊத்தச் சொல்லுன்னு கேட்டுக்கினே இருந்தாரும்மா" என்றார் முனியம்மாள்.

கன்னியப்பனின் அண்ணன் தெருவில் நின்று சொன்னார்: "மாதா கோயிலுக்குப் போனவனுக்கு எங்க சுடுகாட்டுல எடம் கெடையாது. உங்க ஆளு, நீங்களே எடுத்துக்கினு போங்க."

நான்கு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு, ரத்தினம்மாளும் முனியம்மாளும் பின்னால் வர, எங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. பக்கத்தில் சபை மூப்பர். "ஞானஸ்நானம் இல்லாதவன உள்ள வுடக் கூடாது. விசுவாசத்தையும் ஞானஸ்நானத்தையும் வேதம் சேர்த்துத்தான் சொல்லுது. நாம யாரு பிரிக்கறதுக்கு?" என்றார். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. ஆனால் சாலையில் அண்ணனும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் கையில் தடியோடு நின்றார்கள். பாடை திரும்பினால் அதைத் தங்கள் தெருவுக்குள் விடுவதில்லை என்று வந்திருந்தார்கள். பாயில் சுற்றிய உடலின்மேல் மழை கொட்டியது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. மரண ஆபத்தில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபை விதியிலேயே இருக்கிறது. ரத்தினம்மாளைத் தனியே அழைத்து, "நீங்க தண்ணி ஊத்தினதா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பதிவேட்டுல எழுதிடறேன்" என்றேன்.

"ஊத்தலையே சார்."

"வேற வழி இல்லம்மா."

"பொய் சொல்லி அவன உள்ள வுட்டா, தண்ணி இல்லாங்காட்டி ஆண்டவரால அவன ஏத்துக்க முடியாதுன்னு நானே சாட்சி சொன்னாப்பல."

பிறகு மூப்பரிடம் போனார். "பரிசம் போட்டு நாள் குறிச்சாச்சு. தாலி ஏர்றதுக்கு மின்னாடி பொண்ணு செத்துட்டா, பேசின பேச்சு பொய்யாப் பூடுமா? தாலி வாணாம்னு நான் சொல்லல. நாளத் தள்ளிப் போட்டது யாரு?"

மூப்பர் விதியையே திரும்பச் சொன்னார்.

"என் ஊட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு எடம் வச்சிருக்கீங்களே, அதுல அவனப் போடுங்க."

மூப்பர் மழையில் நடந்து போய்விட்டார். நான் மனம் தெளிந்து வாசலைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முனியம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் திறந்தேன்.

ரத்தினம்மாளின் ஊழியத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு ஒன்றும் நேரவில்லை. மறுவருடம் முனியம்மாள் ஞானஸ்நானம் பெற்றபோது, "கேட்ட ஒடனே குடுங்க சார், இது லேசான காரியம் இல்ல" என்று சொல்லி அவரைக் கைபிடித்து அழைத்து வந்தவர் ரத்தினம்மாள்தான். கடந்த புதன்கிழமை அவரைக் கும்மிடிப்பூண்டியிலேயே அடக்கம் செய்தோம். இங்கே அவருடைய இடத்தில் கன்னியப்பன் இருக்கிறார்.

கன்னியப்பனை அடக்கம் செய்த அன்று மாலை நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். 'ஞானஸ்நானம் பெற்ற நாள்' என்ற கட்டத்தை ஒன்றும் எழுதாமல் தாண்டினேன். ரத்தினம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஏன் சும்மா வுட்டீங்க? பெறலைன்னு எழுதுங்க. ஏன் பெறலைன்னு நாளைக்கு எவனாச்சும் கேட்டா, நாமதான் பதில் சொல்லணும். அவன் இல்ல."

எழுதினேன். அம்மையார் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான், 'பெறவில்லை'. அது என் கையெழுத்தில் இருக்கிறது. இன்றுவரை யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது: கொடுக்க வேண்டியவன் நான், கொடுக்கவில்லை.