இடது முழங்காலின் சில்லு

திரௌபதி, விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குந்தியே செய்கிற வேலை. ஐம்பத்தொன்பது வயதில் இரண்டு முழங்கால்களும் வளைந்துவிட்டன.

முதலில் வலது காலுக்குப் புதுச்சேரியில் மூட்டு மாற்றினார்கள். கால் நேரானது. சமதரையில் வலியில்லாமல் நடந்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழும்போதும் பஸ் படி ஏறும்போதும் முட்டிக்கு முன்பக்கம் சுருக்கென்று குத்தியது. எட்டு மாதமாகியும் போகவில்லை. இடது காலுக்கும் மாற்ற வேண்டியிருந்தது.

"வேற டாக்டர்ட்ட போயிடலாம்மா" என்றாள் மகள் கயல்விழி. திட்டக்குடியில் மருந்துக்கடையில் வேலை செய்பவள்.

"குத்துதுன்னு அவருகிட்ட சொல்லாமயே வேற எடத்துக்கு ஏன் போவணும்?" என்றார் திரௌபதி.

வலது காலுக்கு மூட்டு மாற்றிய டாக்டர் அன்பரசன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வச்ச மூட்டு நல்லா இருக்குது. வலிக்கறது முட்டிக்கு மேல மூடி மாதிரி இருக்கற சில்லு எலும்பு. அத மட்டும் நான் தொடல."

"ஏன் வுட்டீங்க?"

"சில்லோட உள்பக்கத்த சீவி, பட்டன் மாதிரி பிளாஸ்டிக் ஒண்ணு ஒட்டலாம். உங்களுக்கு அப்ப அது அவ்வளவா தேயல. எலும்பும் மெல்லிசு. சீவினா பின்னால ஒடைஞ்சிடும்னு வுட்டேன். அப்படி வுட்ட பலபேரு நல்லாத்தான் நடக்கறாங்க. ஒட்டினவங்கள்லயும் சிலருக்கு வலிக்குது."

"யாருக்கு வலிக்கும்னு முன்னாடியே தெரியாதுங்களா?"

"உறுதியா தெரியாதும்மா."

கயல்விழிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. திரௌபதிக்கு, தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னதே போதுமாக இருந்தது. வலது காலை மறுபடி திறந்தாலும் வலி போகுமென்று நிச்சயமில்லை, முதலில் தொடைக்குப் பயிற்சி செய்து பாருங்கள் என்றார் டாக்டர். மூன்று மாதம் விடாமல் செய்ததில் குத்தல் பாதியாகக் குறைந்தது.

இடது காலுக்கு நாள் குறித்தபோது திரௌபதி சொன்னார்: "எலும்பு கனமா இருந்தா ஒட்டிடுங்க. மெல்லிசா இருந்தா வுட்டுடுங்க. அப்புறமா நான் கொற சொல்ல மாட்டேன்."

அறுவை அன்று இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"அம்மா, இந்தச் சில்லு நல்ல கனமா இருக்குது. உள்பக்கம் ரொம்ப தேஞ்சும் இருக்குது. ஒட்டிடறேன்."

"ஒட்டுங்க" என்றார் திரௌபதி. பயமாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் ஆகிறது. இடது முட்டி முன்பக்கம் குத்துவதில்லை. மடக்கும்போது மட்டும் சில நேரம் 'டொக்' என்று சத்தம் வரும், வலியிருக்காது. வலது கால் படியேறும்போது இன்னும் கொஞ்சம் முனகுகிறது. அதைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டார். இரண்டு காலையும் மடக்கிக் குந்துவது இனி முடியாது.

பட்டறைக்குத் திரும்பிய அன்று முதலாளி ராஜமாணிக்கத்திடம் உயரமான மேசையும் ஸ்டூலும் கேட்டார். அவர் யோசித்துவிட்டு ஒரு வாரத்தில் போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் தரையில் குந்தியிருந்த கண்ணம்மாளுக்கு வயது நாற்பதுதான். அவள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு ஸ்டூல் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.