செத்த நேரம் நில்லுங்கண்ணே

நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை, ஐப்பசி பிறந்தால் புயல் வரக்கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொள்வாள். திண்டுக்கல்லில் இருக்கும் நாங்கள் அதே மாதாவிடம், ஒரு புயலாவது வரட்டும் என்று வேண்டிக்கொள்வோம். வங்கக்கடலில் ஏதாவது சுழன்றால்தான் எங்கள் பக்கம் நல்ல மழை. போன பருவத்தில் மாதா தங்கையின் பக்கம் நின்றுவிட்டார்.

"இந்த வருசம் ஒண்ணும் சுத்தலண்ணே. பிள்ளைக நிம்மதியாத் தூங்குதுக" என்று அவள் போனில் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நத்தம் பக்கம் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குப் போனால் காலடியில் மண் ஓடு போலக் கிடந்தது. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளக் கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. ஓடையில் தண்ணீர் பார்த்து வெகுகாலமாகியிருந்ததால் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு அடைத்து வளர்ந்துவிட்டது.

நான் பள்ளிக்கூட வாத்தியார், பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ஆள். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள்.

பருவம் முடியப்போகிற நேரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தது. பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வளராமல், வலுவிழந்து கரையைக் கடந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். இதுவும் போச்சு என்று நினைத்தேன். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டு, மதியம் மினி பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் தலைக்கு மேல் வெறும் தூறல்தான். மலைப் பக்கம் மட்டும் வானம் கருத்துக் கிடந்தது.

ஓடையின் தரைப்பாலத்துக்கு வந்ததும் வண்டி மெதுவானது. பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான். உள்ளே இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். திண்டுக்கல் சந்தைக்கு மல்லிகைக் கூடையோடு வந்த ஓர் அம்மா ஜன்னல் வழியாக ஒரு கை பூவை அள்ளித் தண்ணீரில் வீசினார். எனக்குக் கண் கலங்கியது. என் வாழ்நாளில் அந்த ஒரு நிமிடம்தான் நான் எதற்கும் பயப்படாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

மகள் எழுந்து நின்றாள். "டிரைவரண்ணே, போகாதீங்க."

"என்ன பாப்பா, இந்தத் தண்ணிக்கா? இதுல கோழிக்குஞ்சு நடந்து போயிரும்."

"அப்பா, வலுவிழந்தது காத்துதான். மழை வலுவிழக்கல. மலையப் பாருங்க. தண்ணில நுரை கட்டுது, கருவேலங் குச்சியா வருது. மேல எதையோ ஒடச்சுக்கிட்டு வருதுப்பா."

"உக்காரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

அவள் உட்காரவில்லை. இறங்கிப் போய் பஸ்ஸின் முன்னால் நின்றுகொண்டாள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். பூக்கார அம்மா தலையை வெளியே நீட்டினார்.

"ஏத்தா, ஊரே தண்ணி வராதான்னு கெடக்கு. வந்த தண்ணிய நீ மறிக்கிறியா? பூ வாடுனா நீயா வாங்குவ?"

"செத்த நேரம் நில்லுங்க."

"செத்த நேரம் செத்த நேரம்னா எம்புட்டு நேரம்?" என்றார் டிரைவர்.

"செத்த நேரம் நின்னா யாரும் செத்துர மாட்டோம்ணே."

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அவளுக்கும் பயம் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பயத்தை எனக்குள் வைத்துப் புழுங்கத்தான் எனக்குத் தெரியும். இவளோ அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு வண்டிக்கு முன்னால் நிற்கிறாள். நான் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது, லாரியிலிருந்து கல் சரிவதைப் போல. ஓடையின் வளைவில் புதர் மொத்தமும் எழுந்து நடந்து வந்தது. வேரோடு பிடுங்கிய கருவேல மரங்கள், ஒரு மோட்டார் ரூம் கதவு, அதன் பின்னால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். பாலத்தின் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு பாலமே தெரியவில்லை. டிரைவர் ரிவர்ஸ் எடுத்து வண்டியை மேட்டில் ஏற்றினார். பூக்கார அம்மா டிரைவரின் முதுகில் ஓர் அறை வைத்தார்: "நீயும் ஒன் ஹாரனும்!"

அந்தத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்து ஒரே மூச்சில் போய்விட்டது. கிணற்றில் கொஞ்சம் ஏறியது. தோப்பின் மேல்மண் பாதி போய்விட்டது. பருவத்தின் கணக்கில் அது வழக்கத்தைவிடப் புயல் குறைந்த ஆண்டு. எனக்கு இன்னும் குழாயில் தண்ணீர் திடீரென்று பீறிட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

போன வாரம் அதே மினி பஸ்ஸில் தனியாகப் போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் பாப்பாவோட அப்பா" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு நான் பாடம் எடுத்தவன். வாத்தியார் என்ற அந்தப் பேரெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. காய்ந்து கிடந்த ஓடையின் முன்னால், நல்ல வெயிலில், அவர் வண்டியை நிறுத்தினார்.

"சார், போகலாமான்னு பாப்பாட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனை எடுத்தேன்.