கை அவருடையது, குரல் என்னுடையது

திருடாத ஒரு பெண்ணுக்குத் திருடி என்று பெயர் வாங்கித் தந்தவள் நான். இரண்டே வாக்கியம்தான் பேசினேன். அவை முழுப் பொய்கூட இல்லை, பாதி உண்மை... அதனால்தானோ என்னவோ, எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள்.

என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் இணையப் பக்கத்தைப் பார்த்திருக்கலாம். பெரம்பலூரில் ஒரு மொட்டை மாடி, வெள்ளை வேட்டியில் காயும் தாளிப்பு வடகம், அதை உருட்டும் இரண்டு கைகள், பின்னணியில் ஒரு பெண்ணின் குரல். "ஆபீஸை விட்டேன், வெயிலுக்கு வந்தேன்" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல் என்னுடையது. கைகள்...? அவை என்னுடையவை அல்ல!

எட்டு வருடம் சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலை பார்த்தேன். நான்கு மாதம் உட்கார்ந்து நான் தயாரித்த திட்டம் ஒன்றை என் மேலாளர் தன் பெயரில் மேடையேற்றினார். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'உதவி' என்று போட்டு என் பெயர் இருந்தது. கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த மாதமே ராஜினாமா. இனி என் உழைப்புக்கு நானே சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏறினேன். இந்தக் கதையையும் என் பக்கத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் வடிக்கும் படங்களாக அனுப்பிக் குவித்தார்கள்.

எனக்குப் பேச வரும். யார் எதை அழகாகச் சொன்னாலும் காதில் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அதைத் தவிர வேறு வித்தை கிடையாது. சின்ன வெங்காயம் விளையும் ஊரில் வெங்காய வடகம் விற்கலாம் என்று தோன்றியதே தவிர, அதை உருட்டிப் பிடிக்க எனக்குத் தெரியாது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்கார அக்காவை நான் வெங்காயம் உரிக்கத்தான் கூப்பிட்டேன். இது உண்மை. ரஞ்சன்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். முதல் நாளே, நான் உருட்டி வைத்திருந்ததைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா பாப்பா, லட்டா? கல்யாண வூட்டுக்கு அனுப்பிரலாமா?"

சிரித்துக்கொண்டே என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தவர்தான். அதன்பின் வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடிப்பது, உளுந்தும் கடுகும் சீரகமும் கலப்பது, பகலில் உதிர்த்துக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி பிசைந்து உருட்டுவது என எல்லாமே அவர் கைதான். கடைசி நாள் உருட்டும்போது ஒவ்வொரு உருண்டையின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு குழி வைப்பார்.

"உள்ள ஈரம் நின்னுரக் கூடாது பாரு, அதுக்குத்தான். எங்கம்மாகூட வைக்காது. நானா கண்டுபுடிச்சது!"

அந்தக் குழியை "எங்கள் வடகத்தின் அடையாளம்" என்று எழுதினேன். எங்கள்...! யார் அந்த நாங்கள்?

பார்சல் எடுக்க வரும் தம்பி ஒருநாள் சொன்னார்: "மேடம், உங்க பெட்டிய மடியில வெச்சிக்கிட்டு பஸ்ல போனேன். பக்கத்து சீட்டுக்காரரு வாசத்த வெச்சி, எந்த ஊரு சாப்பாட்டுக் கடைங்கன்னு என்னைக் கேக்குறாரு." அதையும் பதிவாகப் போட்டேன். ஒரு பெண்மணி, "உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்" என்று எழுதியிருந்தார். அதற்கு நான் "நன்றி" என்று பதில் போட்டேன். ஒரு சொல். அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். "அட, என் கையா இது? சினிமாக்காரி கையாட்டம்ல இருக்கு!" என்று வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். கீழே இருந்த எழுத்தை அவர் படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. கூலியில் குறை வைக்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய ஒரே மகளைக் கல்லங்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு வளைகாப்பு வந்தது. தாய்வீட்டுச் சீராக ஏழு வகைச் சோறோடு ஒரு தூக்குவாளி நிறைய வடகமும் கொண்டுபோனார். அதற்கென்றே தன் வீட்டு வாசலில் தனியாகக் காயவைத்து, தன் வெங்காயத்தில், தானே பிடித்தது. நான் ஒரு துரும்பும் தரவில்லை.

அன்று மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் வளைகாப்பு வீட்டின் இரைச்சல்.

"பாப்பா, நாந்தான். ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. இந்த வடகத்த யாரு புடிச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லு சாமி."

இன்னொரு குரல் குறுக்கே வந்தது. மகளின் மாமியார். "வணக்கங்க மேடம். எங்க அண்ணன் மவ ஒங்ககிட்டதான் வடகம் வாங்குவா. குழிய பாத்ததும் கண்டுக்கிட்டா. எங்க சம்மந்தியம்மா என்னடான்னா, நீங்க விக்கிறதயே அவங்கதான் புடிக்கிறாங்கன்னு சொல்றாங்க. நெசமாங்க?"

இந்த இடத்தில் உங்களிடம் நான் ஒரு சாக்குச் சொல்லலாம். பெரிய கடைக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லலாம். அப்படித்தான் வெகுகாலம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை! நான் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் என் வாடிக்கையாளர். பிடிப்பது நான் இல்லை என்று என் பக்கத்தில் போய் எழுதிவிடுவாளே என்ற ஒரு நினைப்பு... அவ்வளவுதான். அதற்கே என் நாக்கு புரண்டுவிட்டது.

"அக்கா எங்களுக்கு ஒத்தாசைக்கு வருவாங்கங்க. வெங்காயம் உரிப்பாங்க" என்றேன்.

 அங்கே சிரிப்பு எழுந்தது.

"உரிக்கிறவங்களாம்டி!" என்றது ஒரு குரல். அப்புறம் அந்த மாமியார், குரலை உயர்த்தாமல், மிக மரியாதையாகக் கேட்டார்: "அப்ப சம்மந்தி, இத காசு குடுத்து வாங்கியாந்தீங்களா? இல்ல... சும்மா எடுத்தாந்தீங்களா?"

போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. "ஐயோ, அப்படி இல்லை" என்று கத்துவதற்கு நேரம் இருந்தது. அக்கா "பாப்பா... பாப்பா..." என்று இரண்டு முறை கூப்பிட்டது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. ஒத்தாசை! அந்தத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயரோடு பொடி எழுத்தில் இருந்த 'உதவி'யும் இதேதான். என் மேலாளராவது என்னைத் திருடி ஆக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா வழக்கமான பஸ்ஸிலேயே வந்தார். உட்காரவில்லை. மாடிச் சாவியை மேசைமேல் வைத்தார். நான் என்னென்னவோ உளறினேன். பதிவு போடுகிறேன், நேரில் வந்து சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்... முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு வேணும்னு நான் என்னிக்காவது கேட்டனா பாப்பா? திருடலன்னு மட்டும் சொல்லிருக்கலாம்ல?"

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "மாடியில கெடக்குறத இன்னிக்கு திருப்பிப் போடணும், மறந்துராத" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேத்தி பிறந்தாள். அக்கா அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை. மகள் அடுப்படிக்குள் போனால் மாமியாரின் கண்ணும் பின்னாலேயே போகிறதாம். ஒரு கரண்டி காணாமல் போனாலும், "ஒங்கம்மா வந்துட்டுப் போனாங்களா?" என்ற கேள்விதானாம். ரஞ்சன்குடியிலிருந்து இப்போது வடகம் பிடிக்க வரும் இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருமுறை கிளம்பிப் போனேன். உண்மையாகவே போனேன்! அரியலூரில் இறங்கி, கல்லங்குறிச்சி போய், பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். வாசலில் அந்த மாமியார் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் நின்ற என்னைக் கோயிலுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

"நெழலுக்கு வாம்மா. மொகமெல்லாம் செவந்து கெடக்கு. எந்த ஊரு?"

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று தொண்டையைக் கனைத்தேன். "திருச்சிங்க" என்றேன்.

மோர் கொடுத்தார். நல்ல மனுஷிதான், அதுதான் கொடுமை. குழந்தை எழுந்து தத்தக்கா பித்தக்கா என்று என்னிடம் நடந்து வந்தது. "அம்மாவோட அம்மா பாக்க வருவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்...?

அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்றதில்லம்மா. கொஞ்சம் கை நீளம். நாங்களும் கூப்புடுறதில்ல."

அப்போது சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை! அதற்காகத்தானே போனேன்! நான் மோரைக் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பக்கம் இன்றும் ஓடுகிறது. நினைத்த நேரத்தில் எழுந்திருக்கிறேன், நினைத்த ஊருக்குப் போகிறேன். யாருக்கும் கைகட்டி நிற்பதில்லை. நான் கேட்ட வாழ்க்கை இதுதான். யாராவது கதவைத் தட்டினால் மட்டும், திறப்பதற்கு முன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன். யார் வருவார் என்று பயப்படுகிறேன்? யார் வரவேண்டும் என்று ஏங்குகிறேன்? தெரியவில்லை...

எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டதாக நினைத்து, எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். ஊர் பெயரெல்லாம் இருக்கிறது. வளைகாப்பு இருக்கிறது, மோர்கூட இருக்கிறது. அந்த அக்காவின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அதை எழுதினால், அந்தக் கைகள் யாருடையவை என்று என் பக்கத்தில் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பேனா இன்னும் கையில்தான் இருக்கிறது.