கதவருகே தொங்கும் நாற்பத்தொன்று

செவ்வாய்க்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பரமேஸ் அக்காவின் மகள். எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிற பிள்ளை அன்று தமிழில், "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வந்துவிடுவேன் என்று சொல்லித்தானே ஆசுப்பத்திரிக்குப் போனா!

இங்கே நியூ லின் தையற்சாலையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். உங்களில் அங்கே வேலை செய்தவர்களுக்கு அவவின் பாலைவனக் கதைகள் மனப்பாடமாக இருக்கும். அவவின் கணவருக்கு, நம் அண்ணருக்கு, முன்பு மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்க வேலை. அந்த ஊரே அப்போதுதான் முளைத்திருந்தது. தகர வீடுகள், கிழமைக்கு இரண்டு முறை தண்ணீர் லொறி, கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண். "கூரையில மிளகாயைப் போட்டிட்டுத் தேத்தண்ணி குடிச்சு முடிக்கக் காஞ்சிடும்" என்பா. வெள்ளைச் சேலை இரண்டாம் தோய்ப்பில் காவியாகிவிடுமாம். ஊரில் இருந்தது ஒரே ஒரு மரம். யார் வழி கேட்டாலும் அந்த மரத்திலிருந்துதான் சொல்வார்களாம். வெளியே ஓயாமல் மழை கொட்ட, உள்ளே இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "அக்கா, உங்கட செம்மண்ணை விட்டிட்டுக் கொலரைத் தையுங்கோ" என்று ஒருநாள் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே தைத்தா.

ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொல்வா. சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் இலக்கம் போட்ட பித்தளைத் தகட்டை வாசல் பலகையில் கொழுவ வேண்டும். ஏறி வந்ததும் அவரே எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருநாள் அண்ணர் எடுக்க மறந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அவருடைய இலக்கம் நாற்பத்தொன்று தொங்குவதைப் பார்த்துப் பன்னிரண்டு பேர் மறுபடி கீழே இறங்கித் தேடியிருக்கிறார்கள். மறுநாள் அக்கா பன்னிரண்டு வீட்டுக்கும் வடை சுட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டாவாம். "ஒருத்தரும் ஏசேல்லை. தகடு தொங்கினால் தேடத்தானே வேணும் எண்டு சொல்லிச்சினம்."

பிறகு என் முறை வந்தது. நான் மகனோடு முன்னதாகவே இங்கே வந்துவிட்டிருந்தேன். இவர் விசாவுக்காகக் கொழும்பில் நின்றபோது கலவரம். ஏழு கிழமையாகக் கடிதம் இல்லை. மெஷினில் தலையை வைத்துக்கொண்டு, "இனி அவர் இல்லை அக்கா" என்றேன்.

"விசர்க் கதை கதையாதையும்."

அன்று பின்னேரமே அண்ணரின் பழைய தகட்டோடு வந்து, என் கதவருகே ஆணி அடித்துக் கொழுவினா. "இது தொங்குமட்டும் நாங்கள் தேடுவம். வந்து அவரே எடுக்கட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மதிய இடைவேளைகளில் எனக்காகக் கடிதம் கடிதமாக எழுதினா. விசா அலுவலகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனா. ஐந்து மாதம் கழித்து இவர் மங்கரே விமான நிலையத்தில் வந்து இறங்கினார், பாதியாக மெலிந்து. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் ஆணியைக் காட்டினேன்.

"இதென்னப்பா?"

"முதல்ல எடுங்கோ. பிறகு சொல்லுறன்."

அவர் எடுத்தார். அப்போதுதான் நான் அழுதேன்.

போன மாதம் ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் அக்கா எங்கள் வீட்டில் இறங்கினா. தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து, நாங்கள் முன்பு திருப்பிக் கொடுத்த அதே தகட்டை எடுத்து அதே ஆணியில் கொழுவினா. "வந்து எடுக்கிறன். ஒருத்தரும் தொடாதேங்கோ."

செத்தவீடு முடிந்து வந்ததும் இவர், "அக்காவின்ர பிள்ளையிட்டைக் குடுப்பமே?" என்று ஆணிப்பக்கம் கையை நீட்டினார். "தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். மனுசன் பயந்துபோனார்.

என்னிடம் இருக்கிற பரமேஸ் அக்கா அதுதான். கதவருகே தொங்குகிறது. அவவே வந்து எடுக்கட்டும்.