தரை டிக்கெட்

மேட்னி தொடங்குவதற்கு முன் கொட்டகைக்காரர்கள் தரை மணலில் தண்ணீர் தெளிப்பார்கள். பீடிப் புகையும் வேர்க்கடலைத் தோலும் தகரக் கூரையின் சூடும் பெண்களின் தலை எண்ணெயும் அந்த ஈரத்தில் கலந்து ஒரு வாடை எழும்பும். அதைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ‘பொற்காலத்தின் வாசனை’ என்று இன்றுவரை கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். சுவரோரம் சிறுநீர் கழித்தவர்களின் பங்கும் அதில் உண்டு என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அந்தக் காலப் படம் ஒன்றைத் துடைத்துத் துலக்கி, புது ஒலி சேர்த்து, பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தில் சென்ற மாதம் மறுபடி திரையிட்டார்கள். கோலார் தங்க வயலில் பிறந்து, சுரங்கம் மூடியபின் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டிருந்தார்கள். என் மகள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முழங்காலை மடக்க முடியாதவர்கள் விசிலடித்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்து “இதுதாண்டா படம்” என்றார்கள். எதை? நாற்பதைத் தாண்டிய நாயகன் தொப்பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறான். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டதும் பெற்ற தாய்க்கே அவனை அடையாளம் தெரியாமல் போகிறது. வில்லன் திருந்த ஓர் அறை போதுமாயிருக்கிறது. பார்க்க வருகிறவர்களின் அறிவைப் பற்றி அந்தக் கதாசிரியர் என்ன நினைத்திருந்தாரோ, அது சரிதான் என்பதற்கு அந்த விசில்களே சாட்சி.

இந்தப் படங்கள் ஏன் இன்னும் சாகவில்லை என்று பெரிய பெரிய கட்டுரைகள் வருகின்றன. பாட்டு என்கிறார்கள், நடிப்பு என்கிறார்கள், கொள்கை என்கிறார்கள். என்னைக் கேட்டால், அவற்றில் யாரும் தாமதமாக வருவதில்லை, அவ்வளவுதான். உயிர் பிரிய வேண்டியவர், பார்க்க வேண்டியவரைப் பார்த்து, பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். இந்த ஒரு பொய்யைத் திரும்பத் திரும்ப வாங்கத்தான் கூட்டம் வருகிறது. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். படத்தின் பெயரை இங்கே எழுதி அதற்கு விளம்பரம் தேடித்தர எனக்கு மனமில்லை.

தங்க வயலின் ஊரிகம் பகுதியில், சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவேன். பூமிக்கடியில் பாறை சரியாதபடி மரம் முட்டுக்கொடுக்கும் வேலை அவருக்கு. சினிமாவுக்கு வரச்சொல்லி அம்மா கெஞ்சினால், “ஷிப்டு பூரா இருட்டுலதான் கீறேன். மேல வந்து இன்னொரு இருட்டுக்குத் துட்டு குடுப்பனா? நீங்க போய் நல்லா அயுதுட்டு வாங்க, போங்க” என்பார்.

எங்கள் ஊரில் தரை அவ்வப்போது நடுங்கும். ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதை ‘பிளாஸ்ட்’ என்போம். அலமாரிப் பாத்திரங்கள் கிலுகிலுத்து அடங்குவதற்குள், ஷிப்டில் ஆள் இருக்கும் வீட்டுப் பெண்கள் உலையை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரங்கத்தின் வாயான ஷாஃப்ட்டுக்கு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே வேலிக்கு வெளியே நின்று, ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜ் மேலே வர வர, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. “இன்னாடி, தாலி பத்திரமா கீதான்னு பாக்க வந்தியா?” என்று ஆண்கள் கேலி செய்ய, இவர்கள் திட்டிக்கொண்டே வீடு திரும்புவார்கள். அந்தத் திட்டைப் போல் நிம்மதியான பேச்சை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. இடியை பிளாஸ்ட் என்று எண்ணிப் பயந்தோடுகிற புது மருமகள்களுக்கு, “இடி காதுக்கு வரும், பிளாஸ்ட்டு காலுக்கு வரும்” என்று பெரியவர்கள் சொல்லிவைப்பார்கள். எங்கள் குழந்தைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஒரு பள்ளி விடுமுறை நாளில், இதே படத்தின் மேட்னிக்கு அம்மாவும் பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காவும் நானும் போனோம். நைனா பகல் ஷிப்டில் இருந்தார். பெண்கள் பக்கம், தரை டிக்கெட். படத்தின் கடைசிக் காட்சியில் நாயகனின் தந்தை மரணப் படுக்கையில் கிடக்கிறார். புயலில், இடி மின்னலில், மகன் குதிரைமேல் வந்துகொண்டிருக்கிறான். கொட்டகை முழுதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஓர் இடி இடித்தது. சரோஜா அக்கா சட்டென்று எழுந்தாள்.

“அடியே, எய்ந்துரு. பிளாஸ்ட்டு.”

அம்மா பாதி எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். “படத்துல இடிம்மா. உக்காரு.”

அம்மா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

“நல்லா கீதுடி கதை! புள்ள சொல்றானாம், இவ குந்திக்கினாளாம். படம் நாளிக்கும் ஓடும், வாடி!”

“தோ, முடியப்போவுதுக்கா. நீ போ, பின்னாலயே வரேன்.”

சரோஜா அக்கா ஓடினாள். திரையில் மகன் வந்துசேர்ந்தான். தந்தை அவன் மடியில் படுத்துக்கொண்டு, தர்மம், தாய்நாடு, தங்கையின் கல்யாணம் என்று ஒன்றுவிடாமல் பேசிவிட்டுத் தலையைச் சாய்த்தார். அம்மா முந்தானை நனைய அழுதாள்.

வெளியே வந்தோம். கடைவீதியில் ஆள் இல்லை. அம்மா ஓடத் தொடங்கினாள். ஷாஃப்ட்டு வேலியருகே, நைனாவோடு கீழே வேலை செய்யும் முனுசாமி மாமா பாறைத்தூசி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“இப்பதாம்மா ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனாங்க. மேல வரசொல்ல நெனப்பு இருந்துச்சு. ‘எங்க அவ’ன்னாரு. வேலியாண்ட நின்ன பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணொண்ணா பாத்தாரு.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நைனா போய்விட்டிருந்தார். அவருக்கு வசனம் எழுதித்தர ஆள் இல்லை. மனைவி வரும்வரை காத்திருக்கச் சொல்லவும் யாரும் இல்லை.

பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டான் என்று ஊர் என்னை மன்னித்தது. எனக்குத் தெரியும். என் உள்ளங்காலுக்கடியில் மணல் துள்ளியது. தெரிந்தேதான் சொன்னேன், மகன் வந்துசேர்கிறானா என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. வந்துசேர்வான் என்பதும் எனக்குத் தெரியும், எல்லாப் படத்திலும் வந்துசேர்ந்துகொண்டுதான் இருந்தான். படிக்கவைத்து ஆளாக்கிய அம்மாவிடம் இதை ஒருநாளும் நான் சொல்லவில்லை.

பிற்காலத்தில் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. அந்தப் படம் போடும்போதெல்லாம் அம்மா முன்னால் வந்து உட்காருவாள். புயல் தொடங்கியதும், “பாலு பொங்குதா பாத்துட்டு வரேன்” என்று உள்ளே போய்விடுவாள். அடுப்பில் பால் இருக்காது. துக்கம் தாங்காமல் போகிறாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அன்று அவளும் அதே மணலில்தான் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ முறை உலையை இறக்கிவைத்து ஓடிய கால்கள் அவளுடையவை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. ஒரே ஒரு படத்தை முடிவுவரை பார்க்க அவளும் ஆசைப்பட்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்திருந்தால் அவளும் திறந்திருப்பாள். ஒரு மட்டமான படத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆயுள் முழுக்க ஊமையாக இருந்தோம்.

பெங்களூர்த் திரையரங்கில் புயல் வந்தது. புது ஒலியில் இடி விழுந்ததும் நாற்காலி அதிர்ந்தது, தரை அதிர்ந்தது. “சீட்டே ஆடுதுப்பா!” என்று இளசுகள் கூவினார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து நின்றுவிட்டாள்; முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்தாள். பேரன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “படம்தான் ஆயா, உக்காரு.” அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் பார்த்தேன், நானும் நின்றுகொண்டிருந்தேன். “எங்கப்பா போறீங்க? முடியப்போகுது” என்றாள் மகள். வெளியே நடந்தேன். கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே வந்து நின்ற பிறகுதான் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது. அந்த ஷாஃப்ட்டின் வாயை அடைத்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது. போய் நிற்பதற்கு வேலியும் இல்லை.