காட் கலைச்சது ஆர், அன்ரி?

இன்ரர்நெற் கடையில் வேலை செய்ய இன்ரர்நெற் தெரியத் தேவையில்லை. பேச்சு வாங்கத் தெரிந்தால் போதும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. கடைகளில் நின்று கால் வீங்கியவர்களே, நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கடை ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட. வீடுகளுக்கு இன்ரர்நெற் ஊர்ந்து ஊர்ந்து வந்த காலம் அது. அதனால் இன்ரர்நெற்றில் காசு வைத்துப் போக்கர் சீட்டு விளையாடுகிறவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். எனக்கு முன்பு வேலை பார்த்தவரை ஒரு போக்கர் சண்டைக்காகத்தான் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி செல்வம் மலேசியக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அக்கா, சண்டை வந்தா நான் உங்களைத்தான் கேட்பேன்." ஐம்பது வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

வெட்டாத கட்டு

டாக்ஸி ஓட்டும் யோகன் தோற்றால் கொம்பியூட்டரைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். "காட் கலைச்சது ஆர், அன்ரி?" சீட்டுக்கட்டைக் கொம்பியூட்டர் தானே கலைக்குமாம் என்றேன். அந்தக் கொம்பனி எங்கே இருக்கிறது என்று கேட்டார். திரையில் ஏதோ ஒரு தீவின் பெயர் போட்டிருந்தது. தீவுக்காரன் என்றதும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. எங்கள் இரண்டு பேரின் ஊரும் வேலணை, அதுவும் தீவுதானே என்று சொல்ல வாய்வரை வந்தது. பயத்தில் விழுங்கிவிட்டேன்.

"கலைச்சால் பக்கத்தில இருக்கிறவனிட்டை வெட்டக் குடுக்கவேணும், அன்ரி. வெட்டக் குடுக்காத காட் விளையாட்டை எங்க கண்டனீங்கள்?"

எட்டிப் பார்த்த கொம்பியூட்டர்

யோகனும் சிநேகிதர் ரவியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, இன்ரர்நெற்றில் ஒரே மேசையில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல விளையாடுவார்கள். "என்னட்டை ரெண்டு ராணி." "அப்ப நான் விடுறன், நீ காசை ஏத்து." தமிழ்தானே, யாருக்கு விளங்கப்போகிறது என்ற தைரியம். அது கள்ள விளையாட்டு என்று எனக்கே விளங்கியது. சண்டை வருமென்று பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருந்தும் சண்டை வந்தது. ஒருநாள் இரண்டு பேரும் தொடர்ந்து தோற்றார்கள். "கொம்பியூட்டர் எங்கட காட்டைப் பாக்குது. செல்வத்துக்கு இப்பவே போன் அடிக்கிறன்" என்று யோகன் எழும்பினார். அப்போது மூலையில் இருந்த ஜோசப் என்ற மலேசிய மாணவன் ஹெட்போனைக் கழற்றினான். அதில் பாட்டு ஓடவே இல்லை. அவனும் அதே மேசையில்தான் விளையாடிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் பார்க்கல, அங்கிள். நீங்கதான் சத்தமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

நல்ல காட்

இன்னொரு நாள் யோகன் டாக்ஸியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு விளையாடினார். அபராதம் எழுதுகிறவர் வருவது கடைக் கண்ணாடியால் தெரிந்தது. "அன்ரி, ஒருக்கால் பாருங்கோ. நல்ல காட் வந்தால் ஏத்துங்கோ, கூடாதது வந்தால் விடுங்கோ" என்று பட்டன்களைக் காட்டிவிட்டு ஓடினார்.

எனக்குத் தெரிந்த காட் விளையாட்டு, ஊரில் விளையாடும் முந்நூற்றி நாலு ஒன்றுதான். அதில் ஜாக்தான் பெரிசு, அடுத்தது ஒன்பது; போக்கரில் ஏஸ்தான் பெரிசு என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் இரண்டு ஏஸ் வந்தன. ஜாக்கும் இல்லை, ஒன்பதும் இல்லை. விட்டேன். அடுத்த முறை ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தன. பிள்ளையாரே என்று ஏற்றினேன். யோகனின் காசில் ஏற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை ஏற்றினேன்.

யோகன் திரும்பி வந்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், இரண்டு ஏஸையும் சேர்த்து. அந்த நேரம் பார்த்து செல்வம் உள்ளே வந்து, "என்ன பிரச்சினை?" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். யோகன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்தார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை. இவ்வளவு நாளும் அந்தக் கொம்பனிக்காரனைச் சந்தேகப்பட்டன். அவன் பாவம்."

என் காவல்

அடுத்த நாளே ஒரு காட் கட்டு வாங்கி என் மேசையில் வைத்தேன். போக்கர் விளையாட வருகிறவர் யாராக இருந்தாலும், நான் கலைத்து நீட்டுவேன். அவர் வெட்டிவிட்டுத்தான் போய்க் கதிரையில் இருக்க வேண்டும். "வடிவாக் கலையுங்கோ, அன்ரி" என்பார் யோகன். அந்தக் கட்டுக்கும் கொம்பியூட்டருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தன் கையால் வெட்டியவர் ஒருவரும் பிறகு என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. நானும் அன்றிலிருந்து அடுத்தவரின் மவுஸைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை.